ஒரே ஒயருக்கு இரண்டு வாடகை எதற்கு?

மதுரையில் செல்லூர், விளாங்குடி, வில்லாபுரம், அவனியாபுரம் என எந்தப் பகுதி மொட்டை மாடியில் நின்று பார்த்தாலும் வீடுகளுக்குள் இரண்டு ஒயர்கள் இறங்குவது தெரியும். தடித்த கறுப்பு ஒயர் கேபிள் டிவிக்கு. மெல்லியது இணையத்துக்கான ஃபைபர். பல தெருக்களில் இரண்டையும் இழுத்துக் கட்டியவர் அந்தப் பகுதியின் கேபிள் ஆபரேட்டர்தான். மாதம் பிறந்ததும் இரண்டுக்கும் தனித்தனியாகப் பணம் வாங்குபவரும் அவரே. சந்தா இல்லாத தொலைக்காட்சியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த இரண்டாவது வசூலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) கட்டண ஆணை, கேபிள் ரசீதை இரண்டு பகுதியாகப் பிரித்தது. ஒன்று, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டணச் சேனல்களின் விலை. மற்றது 'என்சிஎஃப்' எனப்படும் வலைப்பின்னல் கட்டணம். 100 சேனல்களைக் கொண்டுவருவதற்கு அதிகபட்சம் 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் சொச்சம் என்று அப்போது வரையறுத்தார்கள். 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல்கள் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. ஒரு வீடு கட்டணச் சேனல் ஒன்றைக்கூட வாங்காமல், விளம்பர வருவாயில் ஓடும் இலவசச் சேனல்களை மட்டும் பார்த்தாலும் இந்த வலைப்பின்னல் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். அதாவது, இது சேனலின் விலையே கிடையாது. ஒயருக்கு நாம் தரும் வாடகை.

அந்த ஒயர் தொலைக்காட்சியை மட்டும் சுமந்துவந்த காலத்தில் இது நியாயமான கட்டணம்தான். தெருவில் ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டும், மழையில் அறுந்ததைக் கட்ட வேண்டும், கம்பத்துக்கு வாடகை கட்ட வேண்டும். ஆனால், ஒரு குடும்பம் ஃபைபர் இணைப்பு எடுத்து மாதம் 400, 500 ரூபாய் கட்டத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடுகிறது. ஒயர் வாடகை அந்த இணைய ரசீதிலேயே அடங்கிவிட்டது. நூறு சேனல்களை அதே ஃபைபரில் அனுப்ப ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம். அதற்குப் பிறகும் இலவசச் சேனல்களுக்காக இன்னொரு வாடகை வாங்குவதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஃபைபருக்குப் பணம் கட்டும் வீட்டில் இலவசச் சேனல்கள் சந்தா இல்லாமல், தரவு அளவில் கழிக்கப்படாமல் வர வேண்டும். எந்த நிறுவனத்தின் ஃபைபராக இருந்தாலும் வர வேண்டும். ஒளிபரப்பாளர்களும் இணைய நிறுவனங்களும் உட்கார்ந்து பேசினால் நடக்கக்கூடிய காரியம் இது. தமிழ்நாட்டில் அதற்கான உறுப்புகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன, தனித்தனியாகக் கிடக்கின்றன.

மதுரைக்கு இதைச் சொல்லக் கூடுதல் உரிமை உண்டு. சந்தா இல்லாத தொலைக்காட்சியைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கொடைக்கானல் மலை மீது தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு, மதுரை, தேனி, திண்டுக்கல் சமவெளி முழுவதும் வீட்டுக் கூரைகளில் ஆண்டெனாக்கள் கொடைக்கானலைப் பார்த்துத் திரும்பி நின்றன. பெட்டி வாங்கும் செலவு, ஆண்டெனா வாங்கும் செலவு, அவ்வளவுதான். அதன்பின் மாதாமாதம் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. சன் டிவி வந்தது. பார்க்க நிறைய வந்ததால் மக்கள் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தார்கள். ஆண்டெனாக்கள் துருப்பிடித்து விழுந்தன. தரைவழி அனலாக் ஒளிபரப்பை, கேந்திர முக்கியத்துவமுள்ள சுமார் 50 இடங்கள் தவிர, 2022 மார்ச்சுக்குள் பிரசார் பாரதி நிறுத்திக்கொண்டது. பெருநகரங்கள் சிலவற்றில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு வந்தாலும், நம் பக்கம் அது வேர்பிடிக்கவில்லை.

இடையில் நடந்த ஒன்றை இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழக வீடுகளுக்குப் போயின. பெட்டி இலவசம், அதில் பார்ப்பது இலவசமாகவில்லை. ஏழை வீடுகள் பலவற்றுக்கு முதன்முதலாக மாதச் சந்தா என்ற செலவு அப்போதுதான் வந்து சேர்ந்தது. திட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அந்தப் பெட்டி பலருடைய வீட்டுக்குள் உலகத்தைக் கொண்டுவந்தது. ஆனால், வன்பொருளைக் கொடுத்துவிட்டு அதற்குள் வரும் வழியைச் சந்தையிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று நாட்டில் இல்லை.

அந்தச் சந்தை எப்படிப்பட்டது என்பதையும் மதுரை கண்டது. 2007 மே 9 அன்று தினகரன் நாளிதழின் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்ததில் மூன்று ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்து அன்றைய முதல்வரின் குடும்பத்துக்குள் உண்டான பிளவின் அதிர்வு கேபிள் ஒயர்கள் வரை வந்தது. மதுரையில் சன் குழுமத்தின் கேபிள் நிறுவனமான எஸ்சிவிக்குப் போட்டியாக ராயல் கேபிள் விஷன் முளைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அரசே தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கியது. குடும்பம் மறுபடி சேர்ந்ததும் அந்த நிறுவனம் முடங்கியது. ஆட்சி மாறி, 2011 செப்டம்பர் 2 அன்று ஜெயலலிதா அதற்குப் புத்துயிர் கொடுத்தபோது மாதக் கட்டணம் 70 ரூபாய். அதில் 20 ரூபாய் நிறுவனத்துக்கு, மீதி ஆபரேட்டருக்கு. ஒயரை வைத்திருப்பவர் கையில்தான் எந்தச் சேனல் தெரியும், எது தெரியாது என்ற முடிவு இருக்கும் என்பதை இரண்டு ஆட்சிகளும் நன்றாகவே புரிந்துவைத்திருந்தன. இணையவழித் தொலைக்காட்சிக்கு மாறும்போது அந்த அதிகாரம் காணாமல் போய்விடாது. இடம் மாறும். அதனால்தான் விதிகளை இப்போதே எழுத வேண்டும் என்கிறேன்.

இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2024 அக்டோபர் 22 அன்று பிஎஸ்என்எல் தன் புதிய இலச்சினையோடு சில சேவைகளை அறிவித்தது. அவற்றில் ஒன்று 'ஐஎஃப்டிவி'. ஃபைபர் வாடிக்கையாளருக்கு 500-க்கும் மேற்பட்ட நேரலைச் சேனல்கள். செட்டாப் பாக்ஸ் தேவையில்லை. பார்க்கும் அளவு இணையத் தரவில் கழியாது. நாட்டிலேயே முதலில் இது தொடங்கப்பட்டது மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும்தான். அடுத்த மாதமே, நவம்பர் 20 அன்று, கோவா திரைப்பட விழாவில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' செயலியை வெளியிட்டது. அதிலும் நேரலைச் சேனல்கள், தமிழ் உட்பட 12 மொழிகளில். ஒன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனம், இன்னொன்று அரசு ஒளிபரப்பு நிறுவனம். ஒரு மாத இடைவெளியில் இரண்டு செயலிகள். ஒரு பாட்டி தன் டிவி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரே சேனல் வரிசையாக வரும் ஏற்பாடு அறிமுகத்தின்போது இல்லை.

மாநில அரசின் பக்கம் டான்ஃபிநெட் இருக்கிறது. பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1 ஜிபிபிஎஸ் தருவது அதன் இலக்கு. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி வட்டங்களின் ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் வருகின்றன. அரசு கேபிளிடம் சேனல்களைத் தொகுத்து அனுப்பும் நிலையங்களும், ஊர் ஊராக ஆபரேட்டர்களும் இருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அரசு கேபிளின் 200-ஆம் எண்ணில்தான் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கொரோனா காலத்தில் அதன் அருமை ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும்.

தனியார் நிறுவனங்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. ஜியோவும் ஏர்டெல்லும் ஃபைபர் இணைப்போடு தொலைக்காட்சியைச் சேர்த்துத் தருகின்றன. வாடிக்கையாளருக்கு அது வசதிதான், சந்தேகமில்லை. ஆனால், அங்கே தொலைக்காட்சி என்பது இணையம் விற்பதற்கான இணைப்புப் பொருள். எந்தச் சேனல் எந்த இடத்தில் வரும் என்பது அந்த நிறுவனத்தின் விருப்பம். இணைப்பை மாற்றினால் பெட்டியும் போகும், சேனல் வரிசையும் போகும்.

கூரையில் கிண்ணம் வைத்து இலவசமாகப் பார்க்க டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கிய அந்தச் சேவை வட இந்தியக் கிராமங்களில் கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறது. மாதச் சந்தா கிடையாது. தமிழ்நாட்டில் அது பரவாததற்குக் காரணம் எளிமையானது: தனியார் தமிழ்ச் சேனல்கள் அதில் அரிது. அதன் இடங்கள் ஏலத்தில் கோடிகளுக்கு விற்கின்றன. இந்திப் பார்வையாளர்களை மொத்தமாக எட்ட விரும்பும் சேனல்களுக்கு அந்த விலை கட்டுப்படியாகிறது, ஒரு மாநிலத்துக்குள் ஓடும் தமிழ்ச் சேனலுக்குக் கட்டுப்படியாவதில்லை. ஆக, பிகாரில் ஒரு விவசாயி சந்தா இல்லாமல் தன் மொழியில் பொழுதுபோக்கும் செய்தியும் பார்க்கிறார். சோழவந்தானில் ஒரு விவசாயி அதற்குப் பணம் கட்டுகிறார். செயற்கைக்கோளில் தமிழுக்கு இல்லாத இடத்தை ஃபைபரில்தான் உண்டாக்க முடியும்.

இங்கே ஒரு பொறியாளனாகச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. 'இணையத்தில் டிவி' என்று சொல்லும்போது பலரும் யூடியூப் நேரலையை நினைத்துக்கொள்கிறார்கள். புதிய தலைமுறை, தந்தி, பாலிமர் போன்ற செய்திச் சேனல்கள் எல்லாமே யூடியூபில் இலவசமாக ஓடுகின்றனவே, பிறகென்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். பிரச்சினை, அந்தப் படம் வீட்டுக்கு வரும் முறையில் இருக்கிறது. யூடியூபில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓடை வருகிறது. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு நடக்கும்போது மாவட்டமே ஒரே காட்சியைப் பார்க்கிறது. ஓர் எச்டி ஓடைக்கு 5 எம்பிபிஎஸ் வைத்துக்கொண்டால், ஓர் ஊராட்சியில் 200 வீடுகள் ஒரே நேரத்தில் பார்த்தாலே 1,000 எம்பிபிஎஸ். டான்ஃபிநெட் தருவதாகச் சொல்லும் 1 ஜிபிபிஎஸ் முழுவதும் அந்த ஒரு காளைக்கே போய்விடும். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாவற்றின் இணைப்பும் அந்த நேரத்தில் திணறும்.

இதற்குத் தீர்வு புதிது கிடையாது. 'மல்ட்டிகாஸ்ட்' என்ற முறையில் ஒரு சேனலுக்கு ஊருக்குள் ஒரே ஓர் ஓடைதான் வரும். ஊர்க் கோடியில் இருக்கும் கருவி அதைக் கேட்கும் வீடுகளுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுக்கும். கோயில் கொடையில் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்லாமல் மைக் செட்டில் ஒரு தடவை சொல்வதைப் போல. அலங்காநல்லூரை 200 வீடுகள் பார்த்தாலும் 2,000 வீடுகள் பார்த்தாலும் ஊருக்குள் வரும் ஓடை 5 எம்பிபிஎஸ்தான். நூறு சேனல்களையும் ஒரே நேரத்தில் யாராவது ஒருவர் பார்த்தாலும், எச்டியும் சாதாரணத் தரமும் கலந்து, 400 எம்பிபிஎஸ் அளவுக்குள் அடங்கிவிடும். மீதி அறுநூறு, ஊரின் பிற வேலைகளுக்கு. இந்தக் கணக்குதான் என் முழு வாதத்தின் அடித்தளம். மல்ட்டிகாஸ்ட் இல்லாமல் இலவச இணையத் தொலைக்காட்சி என்று யார் சொன்னாலும், கூட்டம் வரும் முதல் நாளிலேயே படம் சுற்றிக்கொண்டு நிற்கும்.

ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசிச் செயலிகளும் ஸ்மார்ட் டிவிச் செயலிகளும் மல்ட்டிகாஸ்ட் ஓடையை நேரடியாக வாங்குவதில்லை. வீட்டிலிருக்கும் ஃபைபர் மோடம் அதை வாங்கி, வைஃபையில் சாதாரண ஓடையாக மாற்றித் தர வேண்டும். அதற்கான சர்வதேசத் தரநிலைகள் தயாராக இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் டிவியாக இருந்தாலும் ஒரே சேனல் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் 'டிவிபி-ஐ' என்ற தரநிலையும் இருக்கிறது. இந்தியத் தரநிலைகள் அமைப்பு, செட்டாப் பாக்ஸ் இல்லாமலே இலவச செயற்கைக்கோள் சேனல்களை வாங்கும் டிவிகளுக்கு ஐஎஸ் 18112 என்ற தரத்தை 2022-இல் வகுத்தது. அதே காரியத்தை ஃபைபருக்கும் செய்யச் சொல்வது பெரிய கோரிக்கை ஆகாது. இலவச 14 அங்குலப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு ஒரு சிறு பெட்டி தேவைப்படும். அந்தப் பெட்டி யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் நாம் கண் வைக்க வேண்டும்.

2022 நவம்பரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மென்பொருள் கொடுத்த ஒரு தனியார் நிறுவனத்துடன் எழுந்த தகராறில், அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ்கள் பல லட்சம் வீடுகளில் ஒரே நாளில் செயலிழந்தன. அரசே கொடுத்த பெட்டி. அதன் சாவி வேறொருவர் கையில். ஆபரேட்டர்கள் பாவம், வாடிக்கையாளர்களிடம் ஏச்சு வாங்கினார்கள். பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் திறந்த தரநிலையில் இல்லாவிட்டால் இலவசத் தொலைக்காட்சியும் இப்படி ஒரு நாள் இருட்டாகலாம்.

பிரிட்டன் இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்து காலில் முள் குத்திக்கொண்ட நாடு. பிபிசி, ஐடிவி என்ற இரு ஒளிபரப்பாளர்களும் பிடி என்ற தொலைத்தொடர்பு நிறுவனமும் 2008 இறுதியில் 'புராஜெக்ட் கேன்வாஸ்' என்ற கூட்டை அறிவித்தன. சந்தா இல்லாமல், இணையத்தோடு இணைந்த தொலைக்காட்சிக்கு ஒரு பொதுத் தளம். பிறகு சேனல் 4, சேனல் 5, டாக்டாக், ஆர்கிவா என்று ஏழு பங்காளிகள் ஆனார்கள். போட்டியாளர்கள் எதிர்த்தார்கள், பிபிசி அறக்கட்டளையின் ஒப்புதல் 2010 ஜூனில்தான் கிடைத்தது. 'யூவியூ' என்ற பெயரில் பெட்டி கடைக்கு வந்தது 2012 ஜூலையில். விலை 299 பவுண்டு. அதற்குள் ஸ்மார்ட் டிவிகள் வந்துவிட்டன. கடையில் அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் குறைவு. பிடியும் டாக்டாக்கும் தங்கள் இணைய வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்துக் கொடுத்ததால்தான் அது வீடுகளுக்குள் போனது. எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய தளம் இரண்டு இணைய நிறுவனங்களின் விற்பனைக் கருவியாகச் சுருங்கியது. ஒளிபரப்பாளர்கள் பாடம் கற்று, 2024 ஏப்ரலில் 'ஃப்ரீலி' என்ற சேவையைத் தொடங்கினார்கள். ஆண்டெனா வேண்டாம், சந்தா வேண்டாம், எந்த நிறுவனத்தின் இணைய இணைப்பானாலும் சரி. புதிய டிவிக்குள்ளேயே அது வருகிறது. முதல் அறிவிப்பிலிருந்து கணக்கிட்டால் பதினைந்து ஆண்டுகள். நாம் அந்தப் பதினைந்து ஆண்டுகளைத் திரும்ப நடக்க வேண்டியதில்லை. அவர்கள் கடைசியில் வந்து நின்ற இடத்திலிருந்தே தொடங்கலாம்.

பக்கத்து மாநிலங்களையும் பார்க்கலாம். ஆந்திரத்தில் 2017 டிசம்பரில் தொடங்கிய ஃபைபர்நெட், மாதம் 149 ரூபாய்க்கு இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றையும் கொடுத்தது. நல்ல எண்ணம். பின்னாளில் அரசியல் வழக்குகளிலும் நிதி நெருக்கடியிலும் சிக்கியது. கேரளத்துக் கதை எனக்கு அதைவிட நம்பிக்கை தருகிறது. அங்கே சிறு சிறு கேபிள் ஆபரேட்டர்கள் சேர்ந்து தாங்களே உருவாக்கிய கேரளா விஷன், இன்று நாட்டின் முன்னணிக் கம்பிவழி இணைய நிறுவனங்களில் ஒன்றாக டிராய் பட்டியலில் நிற்கிறது. மதுரையில் கேபிள் தொழிலில் முப்பது வருடம் இருந்தவர்கள் தனியார் இணைய நிறுவனங்களுக்கு முகவர்களாகக் கரைந்துகொண்டிருக்கும்போது அதைப் பார்த்தால் ஏக்கம் வருகிறது.

ஆபரேட்டரின் பிழைப்பு என்ன ஆகும் என்ற கேள்வி நியாயமானது. சந்தா போனால் அவருக்குக் கூலி யார் கொடுப்பார்கள்? இதற்கு நேரடியான விடை சொல்ல வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பகுதியை உள்ளூர்ப் பங்குதாரர்கள்தான் வருவாய்ப் பகிர்வில் கொடுக்கிறார்கள். அவர்களில் கேபிள் ஆபரேட்டர்கள் நிறையப் பேர். இணைய ரசீதிலிருந்து வரும் அந்தப் பங்கில் தொலைக்காட்சிப் பராமரிப்பும் அடங்க வேண்டும், பங்கின் அளவும் அதற்கேற்ப உயர வேண்டும். இரண்டாவது வழி, சேனல்களிடமிருந்து வருவது. இலவசச் சேனல்கள் தங்களை வீடுகளுக்குக் கொண்டுசேர்ப்பதற்காகக் கேபிள் நிறுவனங்களுக்குக் 'கேரேஜ்' கட்டணம் கட்டுகின்றன. வீடும் கட்டுகிறது, சேனலும் கட்டுகிறது. யூடியூபில் ஓடும்போதோ விளம்பர வருவாயில் நூற்றுக்கு 45 ரூபாயை அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர்ப் பொதுத் தளம் ஒன்று அதைவிடக் குறைந்த பங்கில் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்குமானால் எந்தச் சேனல் வேண்டாமென்று சொல்லும்? அந்தப் பங்கில் ஒரு பகுதி, ஒயரைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டருக்குப் போக வேண்டும்.

விளம்பரத்தைப் பற்றி இன்னொன்று. இணையவழி ஒளிபரப்பில் ஊருக்கு ஊர் வேறு விளம்பரம் போட முடியும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரரும் விளக்குத்தூண் ஜவுளிக்கடைக்காரரும் மாநிலம் முழுக்கப் போகும் சேனலில் விளம்பரம் கொடுக்க வசதி இல்லாமல், உள்ளூர்க் கேபிள் சேனலின் அடிவரி எழுத்தோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். மதுரை மாவட்டத்துக்கு மட்டும் பத்து வினாடி என்று விற்க முடிந்தால் அவர்களுக்கு அது எட்டும் விலையில் இருக்கும். அந்தப் பணம் இங்கேயே சுற்றும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மண்டகப்படி மண்டகப்படியாக நிற்பதை விடிய விடியக் காட்டும் உள்ளூர்ச் சேனல்களும் பிழைக்கும். பொதுத் தளத்தின் சேனல் வரிசையில் அவற்றுக்குக் கட்டாயம் இடம் வேண்டும். அவை இல்லாத தளத்தை மதுரைக்காரர்கள் பார்க்க மாட்டார்கள்.

ஆனால், ஊருக்கு ஊர் விளம்பரம் என்பது வீட்டுக்கு வீடு வேவு என்று ஆகிவிடக் கூடாது. ஆண்டெனாவுக்கு நாம் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாது. இணையப் பெட்டிக்குத் தெரியும்; எத்தனை நிமிடம், எந்த நேரம், எதை மாற்றினோம் என்பது வரை தெரியும். எந்தக் கட்சியின் சேனலை ஒரு வீடு தினமும் பார்க்கிறது என்ற தகவல் நம் அரசியலில் எவ்வளவு விலைபோகும் என்று விளக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்திருக்கிறது. அது போதாது. இந்தத் தளம் வீட்டளவிலான பார்வைத் தகவலைச் சேமிக்கவே கூடாது, தெரு அளவில்கூட வேண்டாம், வட்ட அளவிலான மொத்தக் கணக்கு மட்டும் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இலவசம் என்ற பெயரில் இதை விட்டுக்கொடுப்பதைவிடச் சந்தா கட்டுவதே மேல்.

சட்டத்தில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. ஒன்று, இணையச் சமத்துவம். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பிறப்பித்த விதி, உள்ளடக்கத்தைப் பொறுத்துத் தரவுக்கு வேறு வேறு விலை வைப்பதைத் தடை செய்தது. வெளி இணையத்தோடு கலக்காத மூடிய வலைப்பின்னலுக்கு அதில் விலக்கு உண்டு. தரவில் கழியாத தொலைக்காட்சிக்கு அந்த விலக்குதான் இடம் தருகிறது. அதை ஏற்கிறேன், ஆனால், மூடிய வலைப்பின்னலுக்குள் நுழையும் வாசல் எல்லாச் சேனல்களுக்கும் ஒரே நிபந்தனையில், ஒரே விலையில் திறந்திருக்க வேண்டும். ஆளுங்கட்சிச் சேனல் முதல் எண்ணில், எதிர்க்கட்சிச் சேனல் எங்கோ கடைசியில் என்ற பழைய கேபிள் வழக்கம் இங்கே வரக் கூடாது. மொழி, வகை, அகரவரிசை என்று வெளிப்படையான முறையில் எண்கள் தர வேண்டும்.

இரண்டாவது முடிச்சு கடினமானது. மாநில அரசுகள் ஒளிபரப்பிலோ விநியோகத்திலோ இறங்கக் கூடாது, ஏற்கெனவே இறங்கியவை 2023 இறுதிக்குள் விலகிக்கொள்ள வேண்டும், உள்ளடக்கத்தைப் பிரசார் பாரதி மூலம் கொண்டுசெல்லலாம் என்று 2022 அக்டோபர் 21 அன்று ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. அரசு கேபிளுக்கும் கல்வித் தொலைக்காட்சிக்கும் தலைக்கு மேல் தொங்கும் கத்தி இது. மாநில உரிமை என்ற நோக்கில் இதை எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால், எதிர்ப்பு நீதிமன்றத்திலோ மன்றங்களிலோ நடக்கட்டும். அதற்காக வீட்டுக்குள் வரும் ஒயர் காத்திருக்கத் தேவையில்லை. ஃபைபர் மாநிலத்தினுடையது, சேனல் தொகுப்பு பிரசார் பாரதியினுடையது, கடைசித் தெரு ஆபரேட்டருடையது என்று பொறுப்பைப் பிரித்துக்கொண்டால் அந்த அறிவுறுத்தல் குறுக்கே நிற்காது. பிரசார் பாரதிக்கும் இதில் லாபம் உண்டு: 2024 ஜனவரியில் பொதிகையை 'டிடி தமிழ்' என்று புதுப்பித்தார்கள், புதுப்பித்ததைப் பார்க்க வீடுகள் வேண்டாமா?

ஃபைபர் எடுக்க வசதியில்லாத வீடுகளையும் நான் மறக்கவில்லை. அவர்களுக்கு இணையம் இல்லாத, தொலைக்காட்சி மட்டும் வரும் ஃபைபர் இணைப்பு ஒன்று வேண்டும். அதற்குப் பராமரிப்புச் செலவு மட்டும் வாங்கலாம். 2011-இல் 70 ரூபாய்க்குக் கேபிள் ஓட்ட முடிந்தது என்பதை வைத்துப் பார்த்தால் எந்த அளவில் அது இருக்கலாம் என்று ஊகிப்பது கடினமல்ல. பின்னாளில் அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, அதே ஒயரில் இணையத்தைத் திறந்துவிட ஆபரேட்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், மதுரை மாவட்டத்தில் பத்து ஊராட்சிகள் போதும். அலங்காநல்லூர், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஒன்றியங்களில் டான்ஃபிநெட் ஃபைபர் நல்ல நிலையில் இருக்கும் ஊர்களாகப் பார்த்து எடுக்கலாம். இலவசச் சேனல்கள் நூறு, கல்வித் தொலைக்காட்சி, டிடி தமிழ், உள்ளூர்ச் சேனல்கள் இரண்டு. மோடம்களில் மல்ட்டிகாஸ்ட் மாற்றி. பழைய டிவிக்குத் திறந்த தரநிலைப் பெட்டி. ஆபரேட்டருக்கு எழுத்தில் உறுதி செய்த பங்கு. சோதனை நாளாகப் பொங்கலின் மூன்று நாட்களை வைத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் இல்லாத நாளில் எந்த வலைப்பின்னலும் நன்றாகத்தான் ஓடும். எத்தனை வீடுகளில் படம் நின்றது, எத்தனை நிமிடம் நின்றது, அந்த நேரத்தில் ஊராட்சி அலுவலகத்தின் இணைய வேகம் எவ்வளவு இருந்தது என்ற மூன்று கணக்குகளையும் தை மாதத்துக்குள் பொதுவெளியில் வைக்க வேண்டும். இதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவை பிரசார் பாரதி, டான்ஃபிநெட், பிஎஸ்என்எல், அரசு கேபிள் ஆகிய நான்கும். நான்குமே மக்கள் பணத்தில் உருவானவை.

- கட்டுரையாளர், கேபிள் மற்றும் ஃபைபர் வலைப்பின்னல் பொறியாளர், மதுரை.